வெங்காயம் உரித்துக்கொண்டே எழுதிய கடிதம்

கேள்வி: எனக்கு வயது 46. திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட் வேலை. கர்ப்பப்பையில் கட்டி என்று வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்து, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் ஓய்வில் இருக்க வேண்டும், கனமான எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். இப்போது மூன்று வாரம் முடிந்திருக்கிறது. சாயப்பட்டறை வேலைக்குப் போகும் கணவர்தான் சமைக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பாத்திரம் கழுவுகிறாள். பகலில் படுத்தால் உடம்பு கூசுகிறது. மாமியார் வரும் சத்தம் கேட்டதும் எழுந்து துணி மடிக்கத் தொடங்கிவிடுகிறேன். "நாங்களெல்லாம் பிள்ளை பெற்ற பதினாறாம் நாளே தோட்டத்துக்குப் போனோம்" என்பார். போன வாரம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டேன். இரவு அடிவயிற்றில் வலி, லேசாக ரத்தமும் பட்டது. டாக்டரிடமும் கணவரிடமும் சொல்லவில்லை. தண்டச்சோறு தின்கிறேனோ என்று இருக்கிறது.

– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: சகோதரி, மற்றதெல்லாம் பிறகு. அந்த ரத்தத்தைப் பற்றி டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், அதை அவர் பார்த்துச் சொல்லட்டும். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளை, கெண்டைக்காலில் வீக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். வெளித் தையல் சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே போட்ட தையல் ஆற வாரக்கணக்காகும். தையல்காரியான உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. நிறைகுடம் பன்னிரண்டு, பதினைந்து கிலோ வரும். உள்ளே ஆறாதபோது அவ்வளவு கனம் தூக்கினால் பின்னால் குடலிறக்கம் வர வாய்ப்பிருக்கிறது. வீட்டுக்குள் மெல்ல நடப்பது நல்லது. குடத்தைத்தான் தொடக்கூடாது.

இனி தண்டச்சோறு. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய சொல் அதுதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சனிக்கிழமைதோறும் உங்களிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி 'எத்தனை டஜன்?' தைத்த டஜனுக்குத்தான் காசு. தைக்காத நாளுக்கு ஒன்றுமில்லை. கம்பெனிக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். அதை நீங்கள் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிடும் ஒவ்வொரு கவளத்துக்கும் எழுதத் தொடங்கிவிட்டீர்கள்.

அந்தக் கணக்காவது நேர்மையானதா என்றால் அதுவும் இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் வந்து நீங்கள் செய்த சமையலையும் துவைத்த துணியையும் எந்த டஜனில் சேர்த்தார்கள்? 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் கைவைக்கும் ஆண்களுக்கு 88 நிமிடம். உங்கள் கணவர் இப்போது அடுப்படியில் நிற்பது நல்ல விஷயம்தான். அதை நீங்கள் வாங்கிய கடன் மாதிரி நினைக்காதீர்கள். அவர் வைக்கும் ரசம் எப்படியிருந்தாலும் எழுந்துபோய்ப் புளி சேர்க்கவும் வேண்டாம்.

'மெஷினுக்கும் எண்ணெய் விட வேண்டுமல்லவா, ஓய்வெடுத்தால்தான் நன்றாக உழைக்க முடியும்' என்றுதான் இந்தப் பத்தியை முதலில் தொடங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். அப்படிச் சொன்னால் நீங்கள் படுத்திருப்பதும் கம்பெனி வேலையின் ஒரு பகுதியாகிவிடும். ஆறு வாரம் கழித்து முன்போல் டஜன் வரவில்லையென்றால் 'ஓய்வும் வீண்' என்று அதற்கும் அழுவீர்கள். உடம்பு வலிக்கிறது, அதனால் படுத்திருக்கிறீர்கள். இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

இதில் பணக் கவலையும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அது வேறு, அது உண்மையான கவலை, புத்திமதியால் தீராது. உங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் உண்டா என்று கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நோயில் படுத்திருக்கும் நாளுக்குப் பணம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் மனம்தான் இன்னும் ஒப்பவில்லை. பிடித்தம் இல்லையென்றால், குழுக் கடன் ஏதாவது இருந்தால் அதன் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே பேசிவிடுங்கள். தலையணையில் கிடந்து வட்டி கணக்குப் போடுவது ஓய்வில் சேராது.

மாமியார் சொன்னதைப் பொய்யென்று நினைக்க வேண்டாம். அவர் போயிருப்பார். போகச் சொன்னது யார், அன்று இடுப்பு எப்படி வலித்தது என்று ஒரு மத்தியானம் கேட்டுப் பாருங்கள். நான் என் மாமியாரிடம் கேட்டது அவருக்கு எழுபது வயதான பிறகுதான். அரை மணி நேரம் பேசினார், நடுவில் அழுதார். உங்கள் அத்தை அழாமல் திட்டவும் செய்யலாம். இருந்தாலும் அவர் வரும்போது துணி மடிக்க எழாதீர்கள். படுத்தபடியே "வாங்க அத்தை" என்று சொல்லுங்கள். முதல் தடவை நெஞ்சு படபடக்கும். பத்தாவது தடவையும் கொஞ்சம் படபடக்கும். கூச்சம் போன பிறகு படுக்கலாம் என்று காத்திருந்தால் ஆறு வாரமும் போய்விடும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் ஒரு பக்கம் படுத்திருங்கள்.

உங்கள் கடிதம் மகளின் கையெழுத்தில் இருந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினாளாம். ஓரத்தில் பென்சிலால் அவளாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. "இதைச் சொல்லும்போதும் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்."

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்தத் தடவை வெங்காயத்தை வேறு யாராவது உரிக்கட்டும்.