ஒரே வகுப்பு, வேறு கணக்கு

தம்பி,

ஆலங்குளத்திலிருந்து டெக்சாஸுக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாத நீங்கள் அனுப்பிய கேள்வியை, மார்கழி விடுமுறைக்குக் கல்லிடைக்குறிச்சி வந்த இடத்தில், அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். உங்கள் மனைவியும் அவருடைய அண்ணனும் அமெரிக்க ராணுவத்தில் இருந்து விலகியவர்கள், இருவரும் வி.ஏ. எனப்படும் முன்னாள் படையினர் நலத்துறை மருத்துவமனையின் 'மூவ்' என்ற எடைக்குறைப்பு வகுப்பில் சேர்ந்தார்கள். 108 கிலோ இருந்த மச்சினர் நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டார். 75 கிலோ இருந்த மனைவி நான்கு வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்ததோடு வகுப்பை நிறுத்திவிட்டார். "அவளுக்கு மனசு இல்லையா அக்கா, இல்லை அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு கணக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். மனசில் குறை ஒன்றும் இல்லை, கணக்குதான் வேறு.

முதலில் எண்ணைப் பார்ப்போம். ஒன்பது கிலோ என்பது மச்சினருடைய எடையில் நூற்றுக்கு எட்டு பங்குக்குச் சற்று மேல். ஒன்றரைக் கிலோ என்பது உங்கள் மனைவியின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதுவும் ஒரே மாதத்தில். அதே வேகத்தில் போயிருந்தால் நான்கு மாதத்தில் அவரும் அண்ணனுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றிருப்பார். ஆணுக்குத் தசை அதிகம், எடையும் அதிகம் என்பதால் சும்மா இருக்கும்போதும் உடம்பு கூடுதலாக எரிக்கிறது. ஆகவே ஒரே உணவுமுறையில் முதல் மாதங்களில் கிலோ கணக்கில் அவன் முந்துவது இயல்பு. வகுப்பில் எல்லோர் முன்னாலும் கிலோவைச் சொல்லிக் கைதட்டுவது பெண்களைச் சோர்வடையச் செய்யும் என்பது என் அபிப்பிராயம். நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும் என்பதுதான் அங்கே சொல்லித்தரும் பாடமும்.

நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவள். மாணவியாக வந்து, தமிழ் தெரியும் என்ற தகுதியாலேயே 2009-இல், தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்க்கும் மாவ்னி திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்தேன் (2016-க்குப் பிறகு அந்த வழியில் ஆள் எடுப்பதில்லை). ராணுவத்தில் எடை என்பது உடல்நலச் செய்தி மட்டுமல்ல, ஒழுங்குச் செய்தியும்கூட. எடை கூடினால் உடம்பை அளக்க அளவுநாடாவைக் கையில் எடுத்துவிடுவார்கள். ஆணுக்குக் கழுத்தும் வயிறும் போதும், பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழும் அளப்பார்கள். அளவு தவறினால் பதவி உயர்வு நின்றுவிடும். 2023-இல்தான் இருபாலருக்கும் வயிற்றுச் சுற்றளவு ஒன்றே போதும் என்று மாற்றினார்கள். அந்த நாடாவின் குளிர்ச்சி இன்னும் என் உடம்பில் இருக்கிறது. வெளியே வந்த பிறகு எடை மெஷினைப் பார்த்தாலே கால் பின்வாங்கியது.

'மூவ்' 2006-இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. நீரிழிவைத் தடுப்பதற்காக நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றின் முறையைப் பின்பற்றி அமைந்த, நல்ல திட்டம்தான். ஆனால் முன்னாள் படையினரில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர் என்பதால், எந்த ஊரில் கதவைத் திறந்தாலும் உள்ளே ஆண்கள்தான் நிறைந்திருப்பார்கள். நான் சேர்ந்த குழுவில் பதினான்கு ஆண்கள், ஒரு பெண். வியட்நாம் காலத்துப் பெரியவர்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள், பயிற்சி நடத்தியவர் "வீட்டம்மாவிடம் எண்ணெயைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்றார். வீட்டம்மா நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வியப்பு என்னவென்றால், விகிதப்படி பார்த்தால் இத்திட்டத்தில் ஆர்வமாகச் சேர்வது பெண்களே. ஆண்கள் பெரும்பாலும் டாக்டர் சர்க்கரை என்று பயமுறுத்திய பிறகுதான் வருவார்கள்.

இன்னொன்றை மெதுவாகச் சொல்கிறேன். பணியின்போது பாலியல் அத்துமீறலுக்கு ஆளானீர்களா என்று வி.ஏ. எல்லோரிடமும் கேட்கிறது, பெண்களில் மூவரில் ஒருவரும் ஆண்களில் ஐம்பதில் ஒருவரும் ஆம் என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஆண்கள் நிறைந்த அறையில் உடம்பைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். உங்கள் மனைவிக்கு அப்படி ஏதும் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மச்சினருக்கு அவருடைய மனைவி அரிசியைக் கப்பில் அளந்து வைக்கிறார், அவர் நடந்துவிட்டு வந்து சாப்பிடுகிறார். உங்கள் மனைவி வகுப்பு முடிந்து வந்து பத்து மாதக் குழந்தைக்கு ஊட்டி, உங்களுக்குச் சொதியும் சோறும் வைத்து, மிச்சத்தைத் தாம் சாப்பிடுகிறார். அதோடு, பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு உறுதிப்பட வேண்டும் என்று உங்கள் அம்மா போனில் சொல்லச் சொல்ல, தினமும் உளுந்தங்களி. தோல் உளுந்தும் கருப்பட்டியும் நல்லவைதான், தம்பி, நானும் அதில் வளர்ந்தவள். ஆனால் களி கையில் ஒட்டாமல் உருண்டு வர நாம் ஊற்றும் நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 120 கலோரி, நம் வீட்டில் எவரும் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை. வகுப்பில் கொடுக்கும் உணவுக் குறிப்பேட்டில் களிக்கு எண் கிடையாது. நான் மூன்று வாரம் அதைப் 'பருப்பு, ஒரு கப்' என்று எழுதி என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு வி.ஏ. மருத்துவமனையிலும் பெண் படையினருக்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். பெண்கள் மட்டும் உள்ள குழு இருக்கிறதா என்று உங்கள் மனைவி அவரிடம் கேட்கட்டும். இல்லையென்றால் தொலைபேசியிலோ வீடியோவிலோ தனியாகப் பயிற்சி பெறலாம்; நான் அப்படித்தான் முடித்தேன். 2021-இல் வந்த சட்டம் ஒன்று, மருத்துவச் சந்திப்பின்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வி.ஏ. உதவ வேண்டும் என்கிறது. உங்கள் ஊரில் அது எப்படி நடக்கிறது என்பதையும் அவரே சொல்லுவார். மச்சினரை உதாரணம் காட்டுவதை இன்றோடு விடுங்கள். வகுப்பு நாளன்று குழந்தை உங்கள் மடியில் இருக்கட்டும், அன்றைய சமையலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

களி விஷயத்தை என்னிடம் விடுங்கள். இங்கிருந்து ஆலங்குளம் தூரமில்லை; பொங்கலுக்கு முன் ஒரு நாள் வந்து, வாரத்துக்கு இரண்டு நாள் களி போதும் என்று உங்கள் அம்மாவிடம் நானே பேசுகிறேன்.