ஷீக் குழு: கேள்விகளும் என் பதில்களும்

போன வாரம் ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டின் பேஸ் கிட்டாரைப் பற்றி நாலு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஷீக்கைக் கேள்விப்படாதவர்களுக்கு: 1977-ல் நியூயார்க்கில் கிளம்பிய டிஸ்கோ, சோல் குழு. கிட்டார் நைல் ராட்ஜர்ஸ், பேஸ் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், டிரம்ஸ் டோனி தாம்சன். இந்த மூன்று பேரைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

தவில்தம்பி: அண்ணே, இது நிஜமான பேண்டா? இல்ல ரெண்டு தயாரிப்பாளர்கள் கூலிக்கு ஆள் பிடிச்சு வாசிச்சதா?

நிஜமான பேண்ட்தான் தம்பி. அதுவும் பல வருஷம் அடுத்தவர் பின்னால் நின்று வாசித்து, கை பழுத்த பிறகு எழுந்த பேண்ட். நைலும் பெர்னார்டும் 1970-ல் சந்திக்கிறார்கள். இருவரும் 1952-ல் பிறந்தவர்கள். நைல் ‘செஸமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியின் சுற்றுப்பயணக் குழுவிலும், ஹார்லெமில் அப்போலோ தியேட்டரின் சொந்த வாத்தியக் குழுவிலும் வாசித்தவர். பெர்னார்ட் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். 1973-ல் ‘நியூயார்க் சிட்டி’ என்ற பாடகர் குழுவுக்கு ‘ஐம் டூயின் ஃபைன் நவ்’ என்று ஒரு பாட்டு ஓடியது. அவர்களுக்குப் பக்கவாத்தியம் இவர்கள்தான்.

அந்தக் குழு கலைந்ததும் ‘பிக் ஆப்பிள் பேண்ட்’ என்று தனியாக ஓட்டினார்கள். 1976-ல் வால்டர் மர்ஃபி என்பவர் பேத்தோவனை டிஸ்கோ ஆக்கி அடித்த வெற்றியில், அவர் குழுவுக்கும் அதே பெயர்! பெயர் போயிற்று. லபெல் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்த டோனி வந்து சேர, பாட நார்மா ஜீன் ரைட் வர, 1977-ல் ஷீக் ஆனார்கள்.

செங்கல்பட்டு ரசிகை: அண்ணா, முதல் ஆல்பத்தின் அட்டையில் இருக்கும் இரண்டு பெண்கள்தான் பாடகிகளா?

இல்லையம்மா, அவர்கள் மாடல்கள். பேண்டில் ஒருவர்கூட அந்த அட்டையில் இல்லை. நைல் லண்டனில் ராக்ஸி மியூசிக் குழுவைப் பார்த்து அசந்துபோனார். உடையும் தோரணையும் இசையும் ஒன்றாக நெய்யப்பட்டிருந்தன. இன்னொரு பக்கம் கிஸ் குழு. முகத்துச் சாயத்தைக் கழுவிவிட்டால் தெருவில் யாருக்கும் அவர்களை அடையாளம் தெரியாது. இரண்டையும் சேர்த்தார்கள்: கோட்டு சூட்டு போட்ட கனவான்கள், ஆனால் முகம் முக்கியமில்லை. பக்கவாத்தியக்காரனின் புத்தி அது. பிற்பாடு அவர்களுக்கு நல்லதும் கெட்டதும் அதாலேயே வந்தது.

பழைய ரேடியோ: முதல் பாட்டு எது சார்? ‘யவ்ஸா யவ்ஸா’ என்று கத்துகிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

முதலில் பதிவானது ‘எவ்ரிபடி டான்ஸ்’. நைட் அவுல் என்ற கிளப்பில் இசைத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவர் இவர்களின் நண்பர். சோதனைத் தட்டை அங்கே ஓடவிட்டிருக்கிறார். போய்ப் பார்த்தால், ஆடுகிறவர்கள் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். முதலில் வெளிவந்தது ‘டான்ஸ், டான்ஸ், டான்ஸ்’. முதலில் புத்தா கம்பெனி, பிறகு அட்லாண்டிக். அமெரிக்கப் பட்டியலில் 6-ம் இடம். பின்னணிக் குரல்களில் ஒருவர் லூதர் வாண்ட்ராஸ், அப்போது பெயர் தெரியாத பையன்.

‘யவ்ஸா’ 1920, 30-களில் பென் பெர்னி என்ற பேண்ட் தலைவர் வானொலியில் முழங்கிய சொல். பொருளாதாரம் சரிந்து வேலையில்லாமல் போன காலத்தில் மக்கள் ஆடிக் களைத்த அந்த நாட்களை வேண்டுமென்றே உள்ளே வைத்தார்கள். ‘குட் டைம்ஸ்’ வரிகளிலும் அதே காலத்துப் பாட்டுகளின் எதிரொலி உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ளே ஓர் ஒளிந்த பொருள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. வேலை இல்லை, விலைவாசி ஏறுகிறது, இவர்கள் நல்ல காலம் பிறந்தது என்று பாடுகிறார்கள். கேலியா, ஆறுதலா? எனக்கு இரண்டும் கேட்கிறது.

கோடம்பாக்கம் குமார்: ஸ்டூடியோ 54 கதை உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. ஸ்டூடியோ 54 நியூயார்க்கின் பேர்போன டிஸ்கோ கிளப். 1977-ம் ஆண்டின் கடைசி இரவு. பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்திருக்கிறார் என்று நைலும் பெர்னார்டும் நன்றாக உடுத்திக்கொண்டு போகிறார்கள். வாசல் பட்டியலில் பெயர் இல்லை. உள்ளே அவர்களுடைய பாட்டே ஓடிக்கொண்டிருந்திருக்கும். வெளியே பனியில் இவர்கள்! வாசற்காவலன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் துரத்திவிட்டான். பக்கத்திலேயே இருந்த நைல் வீட்டுக்குப் போய், அந்த வசையையே பல்லவியாக்கி விடிய விடிய வாசித்துத் தீர்த்தார்கள். வானொலியில் அதைப் போட முடியாதே! அசையை மாற்றி மாற்றி ‘ஃப்ரீக் அவுட்’ என்று ஆனது.

அதுதான் ‘ல ஃப்ரீக்’. 1978 டிசம்பரில் முதலிடம். இறங்கி, ஏறி, இறங்கி, ஏறி, மூன்று முறை முதலிடத்துக்கு வந்தது. அட்லாண்டிக் கம்பெனிக்கு அன்றுவரை அதிகம் விற்ற சிங்கிள். துரத்தியவனுக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

ஆறு கம்பி: கிட்டார் கற்றுக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது. நைல் மாதிரி வாசிக்கப் பார்த்தால் கரகரவென்று கேட்கிறது. என்ன தப்பு?

இடது கைதான் தப்பு. எல்லாரும் வலது கையைப் பார்க்கிறார்கள். ஓர் அடிக்குத் தகதிமி என்று நான்கு அட்சரம் வைத்துக்கொள்ளுங்கள். வலது மணிக்கட்டு கீழே மேலே கீழே மேலே என்று நான்கையும் நிற்காமல் அடிக்கும். கடிகாரம் மாதிரி. கம்பியை எப்போது பேசவிடுவது என்பதை இடது கை முடிவு செய்கிறது. ‘த’வில் அழுத்துங்கள், ‘க’விலும் ‘தி’யிலும் விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள், ‘மி’யில் மறுபடி அழுத்துங்கள். தளர்த்திய இடத்தில் வருகிற ‘சக்’ ஓசைதான் தாளம். ஆறு கம்பியையும் வாரி அடிக்காதீர்கள். மேல் ஸ்தாயியில் இரண்டு மூன்று கம்பி போதும். உங்கள் கரகரப்பு அநேகமாகத் தடித்த கம்பிகளிலிருந்து வருகிறது.

அவருடைய வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் மயாமி பீச்சில் ஓர் அடகுக் கடையில் பழைய கிட்டாரைக் கொடுத்து வாங்கியது. ‘ஹிட்மேக்கர்’ என்று பெயர். அதைத் தேடி அலையாதீர்கள், மணிக்கட்டைத் தளர்த்துங்கள்.

பேஸ் பித்தன்: ‘குட் டைம்ஸ்’ பேஸ் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? எளிமையாகத்தானே இருக்கிறது?

எளிமைதான். இரண்டே கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு இரண்டுதான். முதல் மூன்று அடிக்கு ஒரே சுரம்: டும், டும், டும். பிறகு ஒரு மூச்சு. அதற்கப்புறம்தான் பெர்னார்ட் நடக்கிறார், படியேறுகிறார், திரும்பி வருகிறார். அந்த மூச்சில்தான் கால் தரையை விட்டு எழும்புகிறது. வாசிக்கத் தெரிந்த யாரும் அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். நிரப்பாமல் விட்டவர் பெர்னார்ட்.

பதிவான நாளைப் பற்றி நைல் சொல்லும் கதை: பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோ, மன்ஹாட்டன் 53-ம் தெரு, முன்பு மின்சாரக் கம்பெனிக் கட்டடம். நைலும் டோனியும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெர்னார்ட் தாமதமாக வந்து பேஸை மாட்டிக்கொள்கிறார். சத்தத்துக்கு மேலே நைல் கத்துகிறார்: ‘நட!’ நடந்தார்.

எட்டு நிமிடப் பதிப்பைக் கேளுங்கள். நடுவில் எல்லோரும் விலகி, பேஸும் டிரம்ஸும் கைத்தட்டலும் மட்டும் நிற்கும். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள், வயலின்கள் உட்பட. சீட்டுக்கட்டைப் பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி அடுக்குகிற மாதிரி. வித்தை தெரிந்த பிறகும் அசர வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

நடைமேடை 9: அப்படியென்றால் ‘ராப்பர்ஸ் டிலைட்’ திருட்டா?

கடுமையான சொல். 1979 இலையுதிர் காலத்தில் நியூ ஜெர்சியின் சுகர்ஹில் கம்பெனி வெளியிட்டது. ‘குட் டைம்ஸ்’ தட்டை அப்படியே எடுத்துப் போடவில்லை. வேறு வாத்தியக்காரர்களை உட்கார வைத்து அதே பேஸை வாசிக்க வைத்து, மேலே மூன்று பேர் பேசினார்கள். நைல் ஒரு கிளப்பில் கேட்டுத் திடுக்கிட்டார். வழக்கு என்று மிரட்டியதும், பாட்டை எழுதியவர்களாக ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ் பெயர் ஏறியது. ராப் இசையை நாடு முழுக்கக் கொண்டுபோன பாட்டின் முதுகெலும்பு ஒரு டிஸ்கோ பேண்டுடையது. குவீன் குழுவின் ஜான் டீக்கனும் ஷீக் ஸ்டூடியோவுக்கு வந்து போனவர். 1980-ல் வந்த அவருடைய ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ஐக் கேளுங்கள். டும், டும், டும், மூச்சு.

ராக் மட்டும்: டிஸ்கோ செத்ததற்கு ஷீக் மாதிரிக் குழுக்களே காரணம். ஒரே மாதிரி எத்தனை பாட்டு?

ஒரே மாதிரிப் பாட்டுகள் குவிந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 1979 ஜூலை 12-ம் தேதி சிகாகோ கமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தபோது, அந்தக் குவியலில் டிஸ்கோ மட்டுமில்லை. கறுப்பினக் கலைஞர்களின் சோல் தட்டுகளும் கிடந்ததாக அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் ‘குட் டைம்ஸ்’ முதலிடம், ஒரே வாரம். தள்ளிவிட்டு வந்தது ‘மை ஷரோனா’ என்ற ராக் பாட்டு; ஆறு வாரம் நகரவில்லை. அதன் பிறகு ஷீக்குக்கு அமெரிக்காவில் பெரிய வெற்றியே கிடையாது. ‘ரியல் பீப்பிள்’ (1980) அப்படிப் புறக்கணிக்கப்பட வேண்டிய தட்டு இல்லை. கோபம் தெரியும் தட்டு. ‘பிலீவர்’ (1983) வரைக்கும் இழுத்துப் பிடித்தார்கள். கடைசி இரண்டை நான் அடிக்கடி போடுவதில்லை.

மதுரை மீனா: பாடகிகளைப் பற்றி யாருமே பேசுவதில்லையே, ஏன்?

நியாயமான குறை. நார்மா ஜீன் தனியாகப் போன பிறகு ஆல்ஃபா ஆண்டர்சனும் லூசி மார்ட்டினும் முன்னால் நின்றார்கள். சோல் பாடகிகள் போல உருகவோ கமகம் போடவோ அவர்களை விடவில்லை. நேராக, கொஞ்சம் விலகி நின்று, ஒரே குரல் போலப் பாட வேண்டும். ‘ஐ வான்ட் யுவர் லவ்’ ஆல்ஃபா பாடியது. அந்தக் குளிர்ந்த குரலுக்குப் பக்கத்தில் மணியோசை. கெஞ்சுகிற வரிகளைக் கெஞ்சாமல் பாடுவது எவ்வளவு கஷ்டம்! ஆல்ஃபா பிற்பாடு கல்வித் துறைக்குப் போனார். 2024 டிசம்பரில் காலமானார்.

தட்டு சேகரிப்பவன்: ஷீக் பெயரில் இல்லாத ஷீக் தட்டுகள் எவை? டயானா ராஸ் ஆல்பத்தில் எந்த மிக்ஸ் வாங்கலாம்?

முதலில் சிஸ்டர் ஸ்லெட்ஜின் ‘வீ ஆர் ஃபேமிலி’ (1979). அட்லாண்டிக் பெரிய பெயர்களைக் கொடுக்க முன்வந்தும், யாருக்கும் தெரியாத சகோதரிகள்தான் வேண்டும் என்றார்கள். தலைப்புப் பாட்டை, 19 வயது கேத்தி ஒரே தடவையில் பாடி முடித்தார். அடுத்து டயானா ராஸின் ‘டயானா’ (1980). ‘ஐம் கமிங் அவுட்’ தொடக்கத்து டிரம்ஸ் டோனி. ஒரு கிளப்பின் கழிவறையில் டயானா வேடமிட்டு நின்றவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பாட்டின் யோசனை நைலுக்கு வந்தது. மோடவுன் கம்பெனிக்கு ஷீக்கின் மிக்ஸ், அதாவது குரலையும் வாத்தியங்களையும் கலந்த விதம், பிடிக்கவில்லை; தங்கள் ஆளை வைத்து மாற்றி, குரலை முன்னால் இழுத்து வெளியிட்டார்கள். ஷீக்கின் மிக்ஸ் 2003-ல்தான் வந்தது. விற்றது மோடவுன் மிக்ஸ், ஆடத் தோன்றுவது மற்றது. இரண்டும் சேர்ந்த 2003 பதிப்பே கிடைத்தால் விடாதீர்கள்.

பிறகு டேவிட் போவியின் ‘லெட்ஸ் டான்ஸ்’ (1983). நான் நைலின் கையை முதலில் கேட்டது இதன் கேசட்டில்தான், அப்போது பெயர் தெரியாது. மடோனாவின் ‘லைக் எ வெர்ஜின்’ (1984) பாட்டில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் யார் என்று பாருங்கள்: அதே மூன்று பேர். ஷீக் கலைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

புதுசு: ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்.

‘ரிஸ்கே’, 1979. ‘மை ஃபீட் கீப் டான்ஸிங்’ பாட்டின் நடுவில் தனி ஆவர்த்தனம் கிட்டாரில் இல்லை, கால் செருப்பில்! டாப் நடனக்காரர்கள் தரையில் தட்டுகிறார்கள்.

கண்ணன் வாத்தியார்: ‘லைவ் அட் த புடோகான்’ கேட்டிருக்கிறேன். அது பெர்னார்டின் கடைசிக் கச்சேரி என்கிறார்களே?

ஆமாம் சார். கலைந்த பிறகு நைலும் பெர்னார்டும் மறுபடி சேர்ந்து வாசித்தது. 1996 ஏப்ரல், டோக்கியோவின் புடோகான் அரங்கு. பெர்னார்டுக்குக் கடுமையான காய்ச்சல். கச்சேரியை ரத்து செய்யலாம் என்றதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் பேஸ் நின்றுபோனது. நைல் திரும்பிப் பார்க்கவில்லை. பெர்னார்ட் வேண்டுமென்றே விட்ட இடைவெளி, என்ன அழகான யோசனை என்று நினைத்துக்கொண்டு வாசித்தாராம். உண்மையில் மேடையிலேயே மயங்கியிருக்கிறார். தேறி எழுந்து மிச்சத்தையும் வாசித்தார். 18-ம் தேதி ஹோட்டல் அறையில் நிமோனியாவால் இறந்து கிடந்தவரை முதலில் பார்த்தது நைல். பெர்னார்டுக்கு வயது 43.