ஈசிஜி நார்மல் என்பதோடு விட்டுவிடாதீர்கள்

58 வயது அம்மாவுக்கு மாடி ஏறினால் தாடையும் மேல்முதுகும் இறுக்கிப் பிடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. ஈசிஜி பார்த்துவிட்டு வாயு என்று அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். நடந்தால் வந்து, நின்றால் போகும் இறுக்கத்தை வாயு என்று தள்ளிவிட முடியாது. உடனே இதய நிபுணரிடம் கூட்டிப் போங்கள்.

மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் கூடவே தாடை வலி, முதுகுவலி, குமட்டல், மூச்சுத்திணறல், அசதி வருவது ஆண்களைவிட அவர்களுக்கு அதிகம். பலர் வலி என்றே சொல்ல மாட்டார்கள். "ஒரு மாதிரி அழுத்துது" என்பார்கள். கேட்கும் டாக்டர் பதற்றம் என்று எழுதிவிடுவார். எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி, இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் நார்மலாக வரலாம். எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), டிரெட்மில் (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி) அல்லது சிடி ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள். ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இல்லை என்று வந்தாலும் அத்தோடு முடியாது. இதயத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சரியாக விரியாமலும் இதே வலி வரும், இது பெண்களிடம் அதிகம். அப்புறம், கர்ப்பகாலத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்ததா, மாதவிடாய் 40 வயதுக்கு முன்பே நின்றதா என்பதையும் சொல்லுங்கள். இவை இதயநோய் அபாயத்தைக் கூட்டும்.

சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவமனையில், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு மறுபடியும் எடுப்பார்கள். முதல் முடிவு நார்மல் என்றதும் கிளம்பிவிட வேண்டாம்.