விருந்தாளியாகப் போவது

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எனக்கு வயது 71, என் மனைவிக்கு 67. பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் சபையில் மூப்பராக இருந்தேன்; சென்ற ஆண்டு அந்தப் பொறுப்பையும் இறக்கி வைத்துவிட்டேன். இப்போது எங்கள் காரிலேயே புறப்பட்டு, 24 நாட்களில் ஒன்பது வீடுகளுக்குப் போய்வரத் திட்டமிட்டிருக்கிறோம். மொத்தம் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். மகள் வீடு, மகன் வீடு, என் தம்பிகள் இருவர், என்னோடு வேலை பார்த்த நான்கு நண்பர்கள், கடைசியாக இன்னொரு பழைய நண்பர். இவரோடு எனக்கு 11 ஆண்டுகளாகப் பேச்சில்லை. சபைத் தேர்தல் ஒன்றில் வந்த மனத்தாங்கல். தவறு அவருடையது, வந்து பேசியிருக்க வேண்டியவரும் அவர்தான். ஆனாலும் போகிற வழியில் இருக்கிறார். முன்னறிவிப்பின்றிப் போய் வாசலில் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் இருவரும் தடுக்கிறார்கள். “தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, இந்த வயதில் எதற்கு?” என்கிறார்கள். என் மனைவிக்கும் கார் ஓட்டத் தெரியும்; ஆனால் நான் அவளைச் சிரமப்படுத்துவதில்லை. அவளுடைய கலக்கம் வேறு. எல்லோரையும் வரிசையாகப் போய்ப் பார்ப்பது விடைபெறுவதைப் போல இருக்கிறது என்கிறாள். இன்னொரு கேள்வி. என் மகன் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவன் வீட்டில் தங்கும்போது குடும்ப ஜெபத்தை நாங்கள் நடத்தலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள ஐயா,

கட்டாயம் போய்வாருங்கள். உங்கள் பிள்ளைகள் சொல்லும் காரணத்துக்குப் புதிய ஏற்பாட்டிலேயே பதில் இருக்கிறது. யோவானின் மூன்றாம் நிருபத்தை முடிக்கும்போது, சொல்ல நிறைய இருந்தாலும் மையாலும் இறகாலும் எழுத மனமில்லை, சீக்கிரம் உன்னைப் பார்ப்பேன், முகமுகமாய்ப் பேசிக்கொள்வோம் என்கிறார் அந்த முதியவர். மையும் இறகும்தான் அவர் காலத்து வீடியோ. அது போதவில்லை என்று அதைக் கொண்டே எழுதினார். வீடியோவில் பேசும்போது நாம் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்கிறோம். செய்தியெல்லாம் தீர்ந்த பிறகும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது அதில் நடக்காது.

உங்கள் துணைவியாரின் கலக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவருக்கு யாக்கோபைப் பற்றிச் சொல்லுங்கள். செத்துப்போனான் என்று அவர் நினைத்திருந்த மகன் யோசேப்பு எகிப்திலிருந்து வண்டிகளை அனுப்புகிறான். அந்த வண்டிகளைக் கண்ட பிறகுதான் கிழவருக்கு உயிர் வருகிறது. போய்ச் சேர்ந்ததும் மகன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ, உன் முகத்தைப் பார்த்துவிட்டேன், இனி நான் செத்தாலும் சரி என்கிறார். அப்போது அவருக்கு வயது 130. அதற்குப் பிறகு மேலும் 17 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து 147 வயதில்தான் போனார். அவர் சொன்ன கடைசி வார்த்தைகளை மற்றவர்கள் 17 ஆண்டுகள் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. விடைபெறும் பாவனை முதியவர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. எனக்கும் வருகிறது. பேரப்பிள்ளைகளிடம் மட்டும் அதைக் காட்டாமல் இருந்தால் போதும்.

(தடுக்கிற பிள்ளைகளுக்கும் இந்தக் கதையில் ஒன்று உண்டு. அப்பாவின் வயதை யோசேப்பு காரணம் காட்டவில்லை. வண்டி அனுப்பினான்.)

இனி உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். “நான் அவளைச் சிரமப்படுத்துவதில்லை.” ஐயா, 2,600 கிலோமீட்டர் தூரம், ஒரு வார்த்தையும் கேட்கப்படாமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவது சிரமமில்லையா? ஸ்டியரிங்கைப் பாதி நேரம் அவரிடம் கொடுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. 60 வயதில் கண்மணி சுருங்கி, கண்ணின் வில்லை (லென்ஸ்) மஞ்சளாகி, விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் கிடைத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. எதிர்வண்டியின் விளக்கு கூசிய பிறகு கண் தெளியவும் நேரமாகும். ஆகவே இருட்டிய பிறகு ஓட்டுவதே வேண்டாம். பகலிலும் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி, பத்து நிமிடம் நடங்கள். வெகுநேரம் மடக்கியே வைத்திருந்தால் காலின் ஆழமான நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். நடக்கும் அந்த இடத்திலேயே கை மாற்றிக்கொள்ளலாம். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை எது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் நாமாக வாங்கிப் போடுகிறவையும் அதில் சேரும். இன்சுலின் இருந்தால் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்; வெயிலில் கெட்டுவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதுதான் டயர் பிறந்த தேதி. அதிகம் ஓடாமல் நிற்கிற காரில் டயர் புதிது போலத் தெரியும், ஆனால் ரப்பர் உள்ளே கிழடு தட்டியிருக்கும். இதற்குமேல் எனக்குக் காரைப் பற்றித் தெரியாது.

ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கைக்கு மாறுவதை நான் வற்புறுத்த வேறு காரணமும் உண்டு. நீங்கள் பல ஆண்டுகள் மூப்பராக இருந்தவர். போன இடமெல்லாம் உங்களுக்கு முன்வரிசை கிடைத்திருக்கும், ஜெபிக்கவும் உங்களைத்தான் அழைத்திருப்பார்கள். இப்போது போகப்போவது விருந்தாளியாக. விருந்தாளி என்றால் இன்னொருவர் காட்டுகிற கட்டிலில், அவர் அணைக்கிற நேரத்தில் விளக்கணைத்துப் படுக்கிறவர். மூப்பருக்கு அது சுலபமாக வராது. காரிலேயே பழக ஆரம்பிக்கலாம்.

எனக்கு வராமல் போன கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய் ஆறு நாட்கள் தங்கினோம். அவருடைய மகன் வேலையை இழந்து வீட்டிலிருந்தான். பத்து மணிக்கு எழுந்திருப்பான், எங்களோடு அதிகம் பேசமாட்டான். ஐந்தாம் நாள் இரவு என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். நான் எல்லோருக்காகவும் வேண்டிவிட்டு, இந்த வீட்டுப் பிள்ளையிடமிருந்து சோம்பலை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று ஆரம்பித்து, உழைப்பின் மேன்மை, பெற்றோரின் கண்ணீர், எறும்பின் சுறுசுறுப்பு என்று நீதிமொழிகள் வரை போய்விட்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது. நண்பரின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் திரும்பும் வழியில் என் மனைவி வெகுதூரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நேற்று நீங்கள் கடவுளிடமா பேசினீர்கள்?”

ஆகவே உங்கள் மகன் வீட்டுக் கேள்விக்கு என் பதில்: நடத்த வேண்டாம். உங்களுக்குக் கொடுத்த அறையில் நீங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் செய்வதைப் போலவே ஜெபியுங்கள். அவன் அதைக் கேட்டு வளர்ந்தவன். கதவுக்கு வெளியே ஒரு முணுமுணுப்பாகக் கேட்டாலே அவனுக்கு விளங்கும். அவனாக அழைத்தால் வந்து நான்கு வரியில் முடியுங்கள். அந்த நான்கு வரியில் அவனைத் திருத்தாதீர்கள்.

எம்மாவூர் வீட்டில் விருந்தாளியாகப் போன உயிர்த்தெழுந்த இயேசுவே அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்துப் பிட்டார், அங்கே நடத்தியது விருந்தாளிதானே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நானும் அதை யோசித்தேன். அதற்கு முன் நடந்ததையும் லூக்கா எழுதியிருக்கிறார். வீடு நெருங்கியதும் அவர் இன்னும் அப்பால் போகிறவரைப் போலக் காட்டுகிறார். வழியில் அவரோடு நடந்துவந்த இருவரும் வருந்திக் கேட்டுக்கொண்ட பிறகே உள்ளே போகிறார். அந்த இருவரில் ஒருவர் பெயர்தான் நமக்குத் தெரியும், கிலெயோப்பா. மற்றவர் அவருடைய மனைவியாக இருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உறுதியாகச் சொல்ல வழியில்லை, ஆனால் எனக்கு அந்த ஊகம் பிடிக்கும். நெடுவழியில் வாதாடிக்கொண்டே போகும் இருவர் கணவன் மனைவியாக இருப்பதில் அதிசயம் என்ன? (உடனே எழுந்து இரவோடிரவாக எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்பதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம். அது 11 கிலோமீட்டர், அதுவும் நடை.)

எத்தனை நாள் தங்குவது என்பதற்கு ஆதிச் சபையே கணக்குப் போட்டுவைத்திருக்கிறது. டிடாக்கே என்று ஒரு பழைய ஒழுங்குநூல் உண்டு. வெகுகாலம் காணாமல் போயிருந்து, 1873-இல் கான்ஸ்டான்டினோபிளில் கிடைத்த கையெழுத்துப் பிரதி ஒன்றின் வழியாக நமக்கு வந்தது. வழிப்போக்கராக வருகிறவருக்கு உதவுங்கள், ஆனால் அவர் இரண்டு நாள், அவசியமானால் மூன்று நாளுக்குமேல் தங்கக்கூடாது என்கிறது அது. ஊர் ஊராக வரும் அப்போஸ்தலர் மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்றும் சொல்கிறது. பட்டு அறிந்தவர்கள் எழுதியது என்று படிக்கும்போதே தெரிகிறது. மரியாள் எலிசபெத் வீட்டில் மூன்று மாதம் இருந்தாளே என்றால், எலிசபெத் அப்போது ஆறு மாத கர்ப்பிணி, வந்தவள் வேலை செய்யக்கூடிய இளம்பெண். உங்களுக்கும் எனக்கும் அந்தச் சலுகை கிடையாது.

கடைசியாக, அந்த நண்பர். தவறு அவருடையது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் பலிபீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்ன வசனத்தை மறுபடி பாருங்கள். உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. குறை அவருக்கு, உங்கள்மேல். அது நியாயமான குறையா என்று அங்கே விசாரணை இல்லை. இதைக் கேட்டவர்கள் கலிலேயாவில் இருந்தவர்கள். பலிபீடமோ எருசலேமில், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே. காணிக்கையை அப்படியே விட்டுவிட்டு, ஊர் திரும்பி, பேசிவிட்டு, மறுபடி வருவதென்றால் ஒரு வாரத்து நடை. உங்கள் நண்பர் வழியிலேயே இருக்கிறார் என்கிறீர்கள்!

ஆனால் சொல்லாமல் போய் நிற்காதீர்கள். வாசலில் நிற்கிற முதியவர்களை யாரும் விரட்டமாட்டார்கள். அவர் கதவைத் திறந்து உட்காரச் சொல்வார், ஏனென்றால் வேறு வழியிருக்காது. அதை மன்னிப்பு என்று நீங்கள் எண்ணிக்கொண்டு திரும்புவீர்கள். இங்கேயும் யாக்கோபுதான் நமக்கு வாத்தியார். அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு ஓடி, 20 ஆண்டுகள் மாமன் லாபானிடம் இருந்துவிட்டுத் திரும்பும்போது, முதலில் ஆளனுப்புகிறான். பிறகு மந்தை மந்தையாக வெகுமதி அனுப்புகிறான். கடைசியில் ஏழுமுறை தரைமட்டும் குனிந்துகொண்டே போகிறான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொள்கிறான், இருவரும் அழுகிறார்கள். இதற்கு அடுத்து வருவதைப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. சேர்ந்தே போகலாம் வா என்று ஏசா அழைக்க, பிள்ளைகள் இளசுகள், ஆடுமாடுகள் கறவையானவை, நான் மெல்ல வருகிறேன் என்று யாக்கோபு நயமாகச் சொல்லிவிட்டு வேறு வழியில் போய்விடுகிறான். கட்டிக்கொண்டார்கள், ஆனால் ஒரே கூடாரத்தில் தங்கவில்லை. 11 ஆண்டு மௌனத்துக்குப் பிறகு ஒரு மணிநேரம் தாராளம். அங்கே இராத் தங்காதீர்கள்.

இப்போதே அவருக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ன தேதியில் உங்கள் ஊர்வழியாகப் போகிறோம், ஒரு மணிநேரம் வந்து பார்க்க ஆசை, இப்போது வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை. இவ்வளவுதான். தேர்தலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பதில் வரவில்லையென்றால் அவர் வீட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள். அதற்கும் மனதைத் தயார்செய்துகொண்டு புறப்பட வேண்டும்.

எழுதி முடித்துவிட்டு உங்கள் பட்டியலை மறுபடி பார்த்தேன். பிள்ளைகள் இருவர், உங்கள் தம்பிகள் இருவர், உங்கள் நண்பர்கள் ஐவர். ஒன்பது வீடுகள் சரியாக இருக்கின்றன. உங்கள் துணைவியாரின் அக்காவோ தங்கையோ, அவரோடு படித்தவரோ ஒருவர்கூட அதில் இல்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துவுக்கு, அங்கிருந்து எபேசுவுக்கு, மறுபடி ரோமாபுரிக்கு என்று சேர்ந்தே அலைந்தவர்கள். அவர்களைச் சொல்லுமிடங்கள் பலவற்றில் மனைவியின் பெயர்தான் முதலில் வருகிறது. நண்பர்கள் வீட்டில் இரண்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். ஒரு வெள்ளைத்தாளை அம்மாவிடம் கொடுத்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்காதீர்கள். முதல் பெயராக யாரை எழுதினார் என்று தெரிந்ததும் எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்.