மூக்கை அளப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும்: கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு பெட்டி வைத்தோம். சாதி, நிறம், இனம், ஊர்ச்சண்டை என்று எதையும் கேட்டுச் சீட்டு போடலாம் என்றோம். பதிலை எழுதிப் பலகையில் ஒட்டுவது என் வேலை. இருபத்தெட்டு வருஷம் சமூகவியல் நடத்தியவன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். பதிலைப் படித்துவிட்டு மறுசீட்டு போட்டவர்களும் உண்டு. பெயர் வேண்டாம், ஊர் போதும் என்று முடிவு செய்தோம்.

தக்கலை: தமிழர் ஒரு இனமா? சாதியும் இனமா? இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறார்களே?

நல்ல கேள்வி. பழைய தமிழில் இனம் என்றால் கூட்டம், சேர்க்கை. திருக்குறளில் 'சிற்றினம் சேராமை' என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. அங்கே வள்ளுவர் ரத்தத்தைப் பற்றிப் பேசவில்லை, நீ யாரோடு பழகுகிறாய் என்பதைப் பற்றிப் பேசுகிறார். பசுக்கூட்டமும் இனம்தான்.

ரத்தம் உள்ளே வந்தது 19-ஆம் நூற்றாண்டில். நம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் இடையன்குடி. அங்கே இருந்த கால்டுவெல் பாதிரியார் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார். அது மொழிக் குடும்பத்தைப் பற்றிய வேலை. படித்தவர்கள் அதை மனிதக் குடும்பமாக ஆக்கிக்கொண்டார்கள். அதற்கு முன் 1849-ல் அதே கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களை (இன்றைய நாடார்களை) பற்றி ஒரு நூல் எழுதி, அந்தச் சமூகத்தின் கோபத்தைப் பல வருஷம் சம்பாதித்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஆரியர்' என்ற பேச்சு பரவ முக்கியக் காரணமான மொழியறிஞர் மாக்ஸ் முல்லரே 1888-ல் தலையில் அடித்துக்கொண்டார்: ஆரிய ரத்தம், ஆரியக் கண், ஆரிய முடி என்று பேசுவது, நீள்மண்டை அகராதி என்று பேசுவதைப் போன்ற அபத்தம் என்றார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பிறகு வந்தார்கள் மூக்களப்பவர்கள். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். சாதி உயர உயர மூக்கு ஒடுங்கும் என்றார் ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த தர்ஸ்டன் கவராயமும் கையுமாக அலைந்து, 1909-ல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி போட்டார். 1936-ல் அம்பேத்கர் இதை நேராகவே மறுத்தார்: சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே இனம், பஞ்சாபில் பிராமணரும் தாழ்த்தப்பட்ட சாமரும் ஒரே இனம், சாதி என்பது இனப் பிரிவு அல்ல என்று.

ஆகவே என் முதல் எச்சரிக்கை: மூக்கை அளக்காதீர்கள். இதைத் திரும்பச் சொல்ல வேண்டிவரும், தெரியும்.

வடசேரி: எச்சில் அனுப்பி டி.என்.ஏ. பரிசோதனை செய்தேன். என் உடம்பில் ஆரியம் எத்தனை சதவீதம் என்று எப்படிப் பார்ப்பது?

பார்க்க முடியாது. ஆரியம் மொழி சார்ந்த சொல், எச்சிலில் வராது. மரபணு ஆய்வாளர்கள் 2013-ல் சொன்னது இது: இன்றைக்கு ஏறக்குறைய 4,200 வருஷத்துக்கு முன்பிருந்து 1,900 வருஷத்துக்கு முன்புவரை இந்தியாவில் எல்லாரும் எல்லாரோடும் கலந்தார்கள். அப்புறம்தான் கலப்பது நின்று, அவரவருக்குள்ளே கல்யாணம் என்று ஆனது. கலப்பில்லாதவர் யாரும் கிடையாது. கதவை அடைத்தது பின்னால் நடந்த காரியம்.

தோவாளை: பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். வெளுப்பாக இருந்தால் உயர்சாதி என்பது உண்மையா?

இல்லை. வெயில் அதிகமான நிலத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்குத் தோல் கறுத்தது, உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு. ஐரோப்பியர்களிடம் வெளுப்புக்குக் காரணமான ஒரு மரபணு வடிவம் தென்னிந்தியாவிலும் பலரிடம் இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை கறுப்பாகவும் ஒரு பிள்ளை மாநிறமாகவும் பிறப்பதை நீங்கள் பார்த்ததில்லையா?

கல்யாணத் தரகர் ஒருவரின் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். பெயர், நட்சத்திரம், அடுத்த கட்டத்தில் நிறம். 'நல்ல நிறம்', 'மாநிறம்', 'நிறம் கம்மி'. படிப்பு ஆறாவது கட்டத்தில். நாடெங்கும் விற்ற ஒரு முகக்களிம்பு 2020-ல் தன் பெயரிலிருந்து வெளுப்பை எடுத்துவிட்டது. தரகர் நோட்டிலிருந்து இன்னும் யாரும் எடுக்கவில்லை.

இரணியல், திங்கள்சந்தை, கருங்கல், இன்னும் இருவர்: மார்பை மறைத்தால் முலைவரி கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

ஐந்து சீட்டுக்கும் சேர்த்து ஒரே பதில். ஆணுக்குத் தலைக்கரம், பெண்ணுக்கு முலைக்கரம். இரண்டும் ஆள்வரி. துணி போட்டதற்கான வரி அல்ல. வரிக்கு எதிராகத் தன் மார்பையே அறுத்துக்கொண்டாள் என்று சொல்லும் சேர்த்தலை நங்கேலியின் கதை வாய்மொழியாக வந்தது. வரலாறு இதைவிடக் கசப்பானது. அடுத்த பதிலைப் படியுங்கள்.

மார்த்தாண்டம்: தோள்சீலைப் போராட்டம் பெண்களின் மானம் காக்க நடந்தது. அதை மிஷனரிகள் நடத்தினார்களா, நம்மவர்கள் நடத்தினார்களா?

கேள்வியில் 'மானம்' என்று போட்டிருக்கிறீர்கள். அங்கேயே நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரில் அப்போது உடல்மொழி முழுக்கச் சட்டம்தான். அரச ஆவணம் சாணார் என்று எழுதிய சமூகத்தார், இன்றைய நாடார்கள், நம்பூதிரியிடமிருந்து 36 காலடி தள்ளி நிற்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை கூடாது, மாடி வீடு கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. குடத்தைப் பற்றிக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தண்ணீர் எடுத்து வரும் பெண் அதைத் தலையில் வைத்தால் யாருக்கு லாபம், இடுப்பில் வைத்தால் யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்லை. வித்தியாசம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

1810-களில் ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மன்றோ, மதம் மாறிய பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்றார். குப்பாயம் என்பது சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் போட்ட சட்டை. மானம்தான் பிரச்சினை என்றால் அத்தோடு முடிந்திருக்க வேண்டும், உடம்பு மூடியாயிற்றே! முடியவில்லை. பெண்கள் சட்டைக்கு மேல் தோளில் சீலையும் போட்டார்கள், நாயர் பெண்கள் போடுவதைப் போல. உயர்சாதியார் அதைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1822-ல் ஒரு கலகம், 1827-லிருந்து இன்னொன்று. 1829-ல் அரசு சட்டை சரி, மேல்சீலை கூடாது என்றது. 1858 கடைசியில் மறுபடி வெடித்தது. 1859 ஜூலை 26-ல், சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு, மகாராஜா உத்திரம் திருநாள் ஒரு விளம்பரம் போட்டார். அதன் சாரம்: சாணார் பெண்கள் எந்த மதமானாலும் சட்டை போடலாம். முக்குவத்திகள் (கடற்கரை மீனவப் பெண்கள்) கட்டுவதைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம். வேறு எந்த விதத்திலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். எப்படி வேண்டுமானாலும் மூடு, எங்களைப் போல மூடாதே.

நடத்தியது யார்? மீடு போன்ற மிஷனரிகள் மனு எழுதினார்கள். வைகுண்டர் தலைப்பாகை கட்டச் சொன்னார். ஆனால் சீலையைத் தோளில் போட்டுச் சந்தைக்கு நடந்தவர்கள் பெண்கள்.

மறுசீட்டு, குளச்சல்: சார், அந்த விளம்பரத்தில் எங்கள் பெண்களை எதற்கு இழுத்தார்கள்? முக்குவத்தியைப் போலக் கட்டு என்றால், எங்கள் ஆச்சியின் துணிதான் கீழ்மட்டத்து அளவுகோலா?

ஆமாம். அளவுகோலாகத்தான் வைத்தார்கள். 150 வருஷத்துக்கு மேலாக எல்லாரும் படித்த வரிதான், உங்களைப் போல உறைத்துக் கேட்டவர் குறைவு.

மறுசீட்டு, மார்த்தாண்டம்: அது ராஜா எழுதியது. எங்கள் முன்னோர் யாரையும் தாழ்த்தவில்லை. நாங்கள் ஜெயித்த கதையில் குறை கண்டுபிடிக்கிறார்கள்.

மறுசீட்டு, குளச்சல்: சரி, அந்த முரட்டுத் துணியை உங்கள் பெண்கள் ஏன் கட்டவில்லை?

மறுசீட்டு, கருங்கல்: இரண்டு பேரும் சும்மா இருங்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த விளம்பரத்தில் பெயரே இல்லை.

ஒரே வாரத்தில் பதினேழு சீட்டு. பலகையில் இடம் போதாமல் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள். அதில் இரண்டைக் கிழித்தே போட்டேன், அப்படிப்பட்ட மொழி.

மார்த்தாண்டத்துக்காரரே, அவர் உங்கள் வெற்றியைக் குறைக்கவில்லை. குளச்சல்காரரே, உங்கள் கேள்வி கூர்மையானது, பதிலும் உங்களுக்கே தெரியும். கட்டவில்லை, ஏனென்றால் அவர்களும் கீழே ஒரு படி வேண்டும் என்று நினைத்தார்கள். 1970-ல் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே பொருந்தும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். உனக்குக் கிளீயின் ஓவியம் பிடித்தது, உனக்குக் காண்டின்ஸ்கியின் ஓவியம் பிடித்தது என்று காரணம் சொன்னார். உண்மையில் குருட்டாம்போக்கில் பிரித்ததுதான். ஒருவரையொருவர் யாரென்றே தெரியாமல் காசு பங்கிடச் சொன்னார். தன் குழுவுக்கு அதிகக் காசு கிடைக்கும் வழி இருந்தது. பலர் அதை விட்டுவிட்டு, தன் குழுவுக்குக் குறைந்தாலும் சரி, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருக்கட்டும் என்ற வழியை எடுத்தார்கள். ரத்தமும் இல்லை, நிறமும் இல்லை, பழைய பகையும் இல்லை. இடைவெளியைத்தான் காசு கொடுத்து வாங்கினார்கள்.

கருங்கல்காரரே, நீங்கள் சொல்வது சரி. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்ததே 1855-ல்தான். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க 1926-லும் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோயிலுக்குள் விட்டது 1936 நவம்பர் 12. தோள்சீலை ஒரு படி, ஏணி பெரிது.

இந்தச் சண்டையை இதோடு நிறுத்துகிறேன். இனி வரும் சீட்டு பெட்டியிலேயே இருக்கும்.

கொட்டாரம்: எங்கள் குலம் சேரர் வழி என்கிறார்கள். ஆதாரம் உண்டா?

மூக்கை அளக்காதீர்கள்.

பூதப்பாண்டி: நாங்கள் பாண்டியர் வழி.

மேலே பார்க்க.

குலசேகரம்: பேச்சிப்பாறைக் காணிக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களா?

அந்தக் கணக்கில் பார்த்தால் நீங்களும்தான், நானும்தான். மனிதர் எல்லாருக்கும் மூலம் அங்கே. சுருட்டை முடியை வைத்து ஊர் கண்டுபிடிப்பதும் மூக்களப்பதும் ஒரே தொழில். காணிகளைப் பற்றி அறிய மலைக்குப் போய் அவர்களிடம் கேளுங்கள், காட்டு மருந்தைப் பற்றி நமக்குத் தெரியாதது நிறையச் சொல்வார்கள்.

கோட்டாறு: சாதிச் சான்றிதழில் எழுத்துப்பிழை.

இ-சேவை மையம்.

நால்வர், ஊர் போடாமல்: சார் என்ன சாதி?

இரண்டு பேர் நேராகக் கேட்டீர்கள், மற்ற இரண்டு பேர் 'எந்தத் தெரு' என்று சுற்றி வந்தீர்கள். தார் போட்ட தெரு. மழையில் தண்ணீர் நிற்கும்.

மணவாளக்குறிச்சி: 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தில் முதல் கல்லை எறிந்தது யார்?

சொல்ல மாட்டேன். இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் நடந்த அந்தச் சண்டையை நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்து எழுதியிருக்கிறது, அதைப் படியுங்கள். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குச் சாளை கொண்டுவரும் அக்கா ஒருத்தி உண்டு. கடவத்தை வாசலில் இறக்கி, தலையில் இருந்த சும்மாட்டைத் தட்டி உட்கார்ந்துதான் விலை பேசுவாள். அந்த மார்ச்சில் வரவில்லை. ஊரில் ஆளுக்கு ஒரு வதந்தி. வெகுநாள் கழித்து ஒரு காலையில் வந்தாள், கடவத்தை இறக்கவில்லை, தலையில் வைத்தபடி வேலிக்கு வெளியே நின்றாள். அம்மா வெளியே போய்த் தன் கையாலேயே கடவத்தைப் பிடித்து இறக்கினாள். இரண்டு பேரும் விலையைத் தவிர எதையும் பேசவில்லை.

பார்வதிபுரம்: வடக்கன்கள் ஊரை நிறைத்துவிட்டார்கள். அவர்கள் இனமே சுத்தம் இல்லாத இனம். இதற்கும் மூக்கை அளக்காதே என்பீர்களா?

என்பேன்.

என் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டடம் எழும்புகிறது. ஒடிசாப் பையன்கள் ஒன்பது பேர், ஒரே தகரக் கொட்டகை, ஒரு குழாய். அந்தக் குழாயில் நாம் ஒன்பது பேர் குளித்தால் நாமும் அந்த இனம்தான். முக்குக் கடையில் எனக்குக் கண்ணாடிக் கிளாஸ், அவர்களுக்கு பேப்பர் கப். கேட்டால் சுகாதாரம் என்கிறார் கடைக்காரர். சுகாதாரம் எனக்கு வேண்டாமா? குடத்தை இடுப்பில் வைக்காதே என்றவர்களும் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள்.

என் மாமா ஒருவர் வளைகுடாவில் பதினொரு வருஷம் இருந்தார். கேம்பில் இருந்தவர் மலையாளியோ தமிழரோ பஞ்சாபியோ, சூப்பர்வைசருக்கு எல்லாரும் 'ஹிந்தி', அரபியில் இந்தியன் என்று பொருள். எனக்குப் பெயர் இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாராம், சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும். அதே மாமா வாசலில் வேலை செய்யும் பையனை 'ஏய் பெங்காளி' என்பார். பையன் ஒடிசா.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பலர் ரயிலேறினார்கள். அந்த வதந்தியில் நாம்தான் வெட்டுகிற இனம். எப்படி இருந்தது?

ஆரல்வாய்மொழி (பள்ளி ஆசிரியை): செங்கல் சூளைப் பிள்ளைகள் வகுப்பில் தனியாக உட்காருகிறார்கள். மற்ற பிள்ளைகள் சேர்ப்பதில்லை. ஒற்றுமை பற்றிப் பேசினேன், பலனில்லை.

டீச்சர், பேசுவதை நிறுத்துங்கள். 1954-ல் ஆல்போர்ட் என்ற அமெரிக்கர் எழுதியது இன்றும் செல்லும்: பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் வெறுப்பு போகாது, சில சமயம் கூடும். இருவரும் சமமாக இருக்க வேண்டும், ஒரே காரியத்தை இருவரும் சேர்ந்தே முடிக்க வேண்டும், மேலே உள்ளவர் அதற்கு ஆதரவு என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

சத்துணவில் சாம்பார் வாளி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அதைச் சூளைப் பிள்ளை ஒருத்தியிடமும் உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தியிடமும் சேர்த்துக் கொடுங்கள், ஒருத்தி வாளி, ஒருத்தி கரண்டி, ஒரு வாரம் கழித்து மாற்றி. முதல் நாள் யாராவது தட்டை இழுத்துக்கொண்டால் நீங்களே உங்கள் தட்டை நீட்டுங்கள். ஒரு மாதம் கழித்துச் சீட்டு போடுங்கள், பலகையில் இடம் வைத்திருக்கிறேன்.