கொறங்காட்டை உழுது மரம் வைத்தால் கார்பன் பணம் வருமா?

கேள்வி: ஐயா, காங்கேயம் பக்கம் எங்களுக்கு 7 ஏக்கர் மானாவாரி நிலம். அதில் 4 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். வெள்வேலும் கிளுவை வேலியும் இருக்கின்றன, கொழுக்கட்டைப் புல்தான் வரவரக் குறைந்துவிட்டது. மீதி 3 ஏக்கர் சரளை கலந்த செம்மண்ணில் சோளமும் கொள்ளும் போடுகிறோம். மண் ஆய்வில் அங்ககக் கார்பன் 0.34 சதவீதம் என்று வந்தது. கொறங்காட்டை உழுது தைலமரம் வைத்தால், மரமும் மண்ணும் பிடித்து வைக்கும் கார்பனுக்குக் கார்பன் பணம் வரும், 30 வருட ஒப்பந்தம் போடலாம் என்று ஒருவர் கேட்கிறார். செய்யலாமா? மண்ணில் கார்பனைக் கூட்ட வேறு வழி உண்டா?

பதில்: கொறங்காட்டில் கலப்பையை இறக்காதீர்கள். உங்கள் 7 ஏக்கரில் கார்பன் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் இடம் அதுதான். பல்லாண்டுப் புல்லின் வேர் ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் மடிந்து, கொஞ்சம் புதிதாக வளர்கிறது. மடிந்த வேரின் கார்பன் மண் கட்டிகளுக்குள் அடைபட்டுப் பத்திரமாக இருக்கும். உழுதால் கட்டி உடையும், காற்றுப் புகும், நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விடும். முதல் சில ஆண்டுகளில்தான் இந்த இழப்பு மிக வேகம். நட்ட கன்று அந்தக் கடனை அடைக்கவே வருடக்கணக்கில் ஆகும். இன்னொரு சிக்கலும் உண்டு. கார்பன் திட்டங்களுக்குச் சான்று தரும் வெர்ரா போன்ற அமைப்புகளின் தரநிலைகள், இயற்கைத் தாவரங்களை அழித்துப் பத்து ஆண்டுகூட ஆகாத நிலத்தை மரம் நடும் திட்டத்தில் ஏற்பதில்லை. உழுத பிறகு உங்கள் கொறங்காடு அந்த விதியில் மாட்டினால் மேய்ச்சலும் போய்விடும், பணமும் வராது.

புல் அருகியதற்குக் காரணம் பெரும்பாலும் ஓயாத மேய்ச்சல்தான். இலையில் பாதிக்கு மேல் கடிபட்டால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். 4 ஏக்கரையும் கிளுவைப் போத்து (கிளைத்துண்டு) நட்டு நான்கு பட்டிகளாகப் பிரியுங்கள். புல் ஓர் அடி வளர்ந்த பிறகு ஆடு மாட்டை விடுங்கள். நான்கைந்து விரற்கடை உயரம் மிச்சமிருக்கும்போதே அடுத்த பட்டிக்கு மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 40 நாள் ஓய்வு வேண்டும்.

வெற்றிடங்களில் கொழுக்கட்டை விதையை ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ தூவலாம். புது விதைக்கு உறக்கம் உண்டு, உடனே முளைக்காது. அறுத்து ஆறு மாதமாவது ஆன விதையைத்தான் வாங்க வேண்டும். விதை பஞ்சு போல் லேசாக இருப்பதால் ஈர மணலில் கலந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது தூவி, முள்கிளையால் லேசாகக் கீறிவிட்டால் போதும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முளைப்பு குறைந்துவிடும். முதல் ஆண்டு கதிர் முற்றி விதை கொட்டும்வரை அந்தப் பட்டியில் கால்நடை நுழையக் கூடாது. இதில் பொறுமை இழப்பவர்களே அதிகம்.

மரம் வேண்டுமென்றால் தைலமரம் எதற்கு? தானாக முளைத்த வெள்வேல் கன்றுகளில் நல்லவற்றைத் தேர்ந்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்துக்கு முள் கட்டிக் காத்தால் போதும். காயும் ஆட்டுக்குத் தீனி. சீமைக்கருவேல் புகுந்திருந்தால் வெட்டி மட்டும் விடாதீர்கள், ஓரடி ஆழத்துக்கு வேரோடு எடுங்கள். அதன் காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலும் விதை வரும்.

இனி சோளமும் கொள்ளும் போடும் 3 ஏக்கர். அங்ககக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது நம் ஆய்வகங்களின் கணக்கு. ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மண் சுமார் 900 டன் இருக்கும். கார்பன் 0.1 சதவீதம் கூடினால் அது 900 கிலோ கார்பன். கார்பனைக் கரியமில வாயுக் கணக்குக்கு மாற்ற 3.67-ஆல் பெருக்கினால் 3.3 டன் கரியமில வாயு. கார்பன் பணம் கிரெடிட் கணக்கில்தான் வரும், ஒரு கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. ஆக, 0.34-ஐ 0.44 ஆக்கினால் ஏக்கருக்குக் கிடைப்பது மூன்று கிரெடிட்தான். அதுவும் சரளை இல்லாத மண்ணுக்கு. ஆய்வகம் 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண்ணைத்தான் சோதிக்கிறது, சரளையில் கார்பன் கிடையாது. எடையில் நூற்றுக்கு 20 சரளை என்றால் இந்தக் கணக்கிலும் ஏறக்குறைய அவ்வளவு கழியும். மானாவாரியில் இந்த 0.1 கூடவே ஐந்தாறு ஆண்டுக்கு மேல் பிடிக்கும்.

ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டால், மட்கி முடிந்து மண்ணில் தங்குவது அதிலுள்ள கார்பனில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் ஒரே வருடம் கொட்டிவிட்டு ஆய்வுக்கு அனுப்புவதில் பயனில்லை. வெளியிலிருந்து வாங்கும் எரு உங்கள் பயிருக்கு நல்லது, ஆனால் அது வேறு நிலத்தின் கார்பன் இடம் மாறியதுதான். உங்கள் நிலத்திலேயே வேரும் தட்டையும் அதிகம் விளைய வேண்டும். சோளத்தை ஒரு சாண் விட்டு அறுங்கள். தாளை எரிக்காதீர்கள். சோளம் எடுத்த ஈரத்திலேயே ஏக்கருக்கு 8 கிலோ கொள்ளு விதைத்துத் தரையை மூடி வையுங்கள். ரோட்டவேட்டர் மண் கட்டியைத் தூளாக்கிவிடும், அதை நிறுத்திவிட்டு முதல் மழையில் சரிவுக்குக் குறுக்காக ஒரே உழவு போதும். கார்பன் அதிகம் இருப்பது மேல்மண்ணில். மழைநீர் அதை அடித்துப் போனால் மற்ற வேலையெல்லாம் வீண், ஆகவே வரப்பை முதலில் சரிசெய்யுங்கள்.

அளப்பதற்கு: ஆண்டுதோறும் ஒரே மாதம், எரு போடும் முன், ஒரே ஆய்வகம். சரளை மண்ணில் குழாய் இறங்காது. 15 செ.மீ. குழி எடுத்து, வந்த மண் முழுவதையும் காயவைத்து எடை போடுங்கள். குழியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, விளிம்புவரை எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று பாருங்கள். கிலோவை லிட்டரால் வகுத்தால் மண்ணின் அடர்த்தி கிடைக்கும். மேலே சொன்ன 900 டன், அடர்த்தி 1.5 என்று வைத்துப் போட்டது.

வந்தவரிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: கிரெடிட்டில் உங்கள் பங்கு எவ்வளவு, மண் அளக்கும் செலவு யாருடையது, 30 ஆண்டுக்குள் நிலத்தை விற்றாலோ பாகம் பிரித்தாலோ வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா. எழுதித் தர மறுத்தால் கையெழுத்துப் போட வேண்டாம்.