எட்டு வயதுப் பெண்ணுக்குப் பந்தைக் காலில் நிறுத்த வீட்டிலேயே பழக்க முடியுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு எட்டு வயது, ஃபுட்பால் என்றால் உயிர். ஆனால் பந்து வந்தால் காலில் பட்டு எங்கேயோ ஓடிவிடுகிறது. தினமும் வேலூர் வரை பயிற்சிக்குக் கூட்டிவர வழியில்லை, வீட்டு வாசலிலேயே என்ன பழக்கலாம் என்கிறார். "பெண் பிள்ளைக்கு எதுக்கு இது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதையும் எழுதியிருக்கிறார்.

தாராளமாக முடியும். பத்தடிக்குப் பத்தடி சிமெண்ட் தரையும் ஒரு சுவரும் போதும்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன், வீடு சத்துவாச்சாரியில். கல்லூரி வரை ஆடியவன். மூன்று வருடமாக அக்கா மகளுக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேருக்கும் சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

பந்து ஓடிவிடுவதை உங்கள் மகளின் குறையாக நினைக்காதீர்கள். பந்தை உதைக்க எல்லாரும் சொல்லித் தருகிறார்கள், வருகிற பந்தைக் காலில் வாங்கி நிறுத்த யாரும் சொல்லித் தருவதில்லை. நான் படித்த பள்ளியில் மைதானத்தை ஐந்து சுற்று ஓடவிடுவார்கள், பிறகு வரிசையில் நின்று கோலுக்கு அடிக்க வேண்டும். ஆறு வருடமும் அதேதான். பலமாக அடிப்பேன், அதனால் நன்றாக ஆடுகிறேன் என்றே நம்பியிருந்தேன். மண்டல அணித் தேர்வில் என்னிடம் வந்த முதல் மூன்று பந்தும் காலில் பட்டுக் கோட்டைத் தாண்டிப் போயின. பத்து நிமிடத்தில் வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். பதினாறு வயதில் அது ரொம்ப வலித்தது. அதனால்தான் என்னிடம் வரும் பிள்ளைகளை முதல் ஒரு மாதம் கோலுக்கு அடிக்க விடுவதே இல்லை.

சரி, பந்திலிருந்து ஆரம்பிப்போம். பெரியவர்கள் ஆடும் 5ஆம் நம்பர் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். எட்டு வயதுப் பாதத்துக்கு அது மிகப் பெரிது. உங்கள் மகள் சின்ன உடம்பு என்றால் 3ஆம் நம்பர், கொஞ்சம் வளர்த்தி என்றால் 4ஆம் நம்பர் வாங்குங்கள். காற்றைக் கல் மாதிரி ஏற்றாதீர்கள். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் லேசாக உள்ளே போக வேண்டும். காற்றடிக்கும் ஊசியை நனைக்காமல் குத்தினால் உள்ளே இருக்கும் வால்வு கிழிந்துவிடும். எச்சிலோ ஒரு சொட்டு தண்ணீரோ தொட்டுக் குத்தச் சொல்லுங்கள். சைக்கிள் கடையில் அவசரத்தில் அப்படியே குத்திவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் பந்து எங்கேயும் போக வேண்டாம், நின்ற இடத்திலேயே இருக்கட்டும். பந்தின் தலையில் வலது பாதத்தின் முன்பக்கத்தை வைத்து எடுக்க வேண்டும், உடனே இடது, உடனே வலது. உங்கள் ஊரில் தறி மிதிப்பதைப் பார்த்திருப்பாளே, அதே மாற்று மிதிதான். லுங்கி நெய்கிறவர் மிதிகட்டையை ஓங்கி உதைப்பதில்லை. ஒரு கால் இறங்கும்போது மறு கால் ஏறிக்கொண்டிருக்கும், உடம்பு ஆடாமல் இருக்கும். பந்தின் மேலும் அப்படித்தான் கால் பட வேண்டும். எடையெல்லாம் தரையில் ஊன்றிய காலில், பந்தின் மேல் வைக்கும் காலில் எடையே கூடாது. எடையை வைத்தால் பந்து உருண்டு பிள்ளை பின்னால் விழும். ஆரம்பத்தில் உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளட்டும். முப்பது விநாடி மிதித்து முப்பது விநாடி ஓய்வு என்று நான்கு முறை செய்தால் போதும்.

இது பழகியதும் பந்தை இரண்டு பாதத்தின் உள்பக்கத்துக்கும் நடுவே இப்படியும் அப்படியும் தட்டச் சொல்லுங்கள். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், விறைப்பாக நின்றால் பந்து நழுவும். அப்புறம் உள்ளங்காலால் பந்தைத் தன் பக்கம் இழுத்து அப்படியே உடம்பைத் திருப்புவது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். எதிரே ஆள் வந்து நின்றால் சின்னப் பிள்ளைகள் பயந்து பந்தை எங்கேயாவது உதைத்துவிடுவார்கள். இழுத்துத் திரும்பத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பயமே வராது.

இரண்டாவது வாரம் பந்தோடு நடக்கவிடுங்கள், ஓட வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தொடல். எங்கள் தொழிலில் ஷூவை அப்பர், சோல், லேஸ் என்று பகுதி பகுதியாகத்தான் பேசுவோம். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்கிறேன். லேஸ் கட்டும் இடத்தால் முன்னால் தள்ளு, சுண்டுவிரல் பக்கத்தால் வெளியே திருப்பு, உள்பக்கத்தால் உள்ளே திருப்பு, சோலால் நிறுத்து. ஒன்று கவனியுங்கள், பழகாத பிள்ளைகள் எல்லாரும் கால்விரல் நுனியால் குத்துவார்கள். குத்திய பந்து எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. பழைய செருப்பையோ கொட்டாங்குச்சியையோ இரண்டடிக்கு ஒன்றாக வரிசையில் வைத்து அதன் நடுவே வளைந்து போகச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் திடீரென்று "நில்" என்றால் உள்ளங்கால் பந்தின் மேல் இருக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து எதிரே நின்று விரலைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். அதைச் சொல்ல அவள் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் அப்படித்தான் போகும்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன், வருகிற பந்தை நிறுத்துவது.

அக்கா மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஐந்தடி தூரத்திலிருந்து மெதுவாக உருட்டினாலும் பந்து காலில் பட்டு எகிறிவிடும். "காலை மெதுவா வை" என்று நான் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். "இன்னா மாமா, மெதுவாத்தான் வைக்கிறேன், அதுவா ஓடுது" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சமயத்தில் எதிர்வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்ற ஆள் செங்கல்லை இரண்டிரண்டாக மேலே எறிய, சாரத்தில் நின்ற ஒரு அக்கா பிடித்து மேலே கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தார். கல் கையில் விழும் சத்தமே கேட்கவில்லை. கல் மேலே வரும்போது இரண்டு கையும் இறங்கிப் போய் அதை எதிர்கொள்ளும், தொட்ட நொடியில் கல் வந்த வேகத்திலேயே கல்லோடு சேர்ந்து பின்னால் வரும், மார்புக்கு அருகே வந்து நிற்கும்.

அவர் டீ குடிக்க இறங்கியபோது இவள் போய் "கை வலிக்காதாக்கா?" என்று கேட்டாள். "கல்லு வர்ற பக்கமே கையும் போவணும் பாப்பா. வெடுக்குனு நிறுத்துனாத்தான் அடிபடும்" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் நான் எதுவுமே சொல்லவில்லை. பந்தை உருட்டினேன். பாதத்தை ஒரு சாண் முன்னால் நீட்டி, பந்து பட்டதும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் இரண்டு முறை நேரம் தப்பியது. மூன்றாவது பந்து அவள் காலடியிலேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாளே, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் மகளுக்கும் அதையே காட்டுங்கள். நின்ற காலின் முழங்கால் லேசாக மடங்கட்டும். வாங்கும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, விரல்களைக் கொஞ்சம் மேலே தூக்கி, கணுக்காலை ஆடாமல் வைக்க வேண்டும். பாதம் தரையிலிருந்து பந்தின் பாதி உயரத்துக்கு இருக்கட்டும். ரொம்பத் தூக்கினால் பந்து அடியில் புகுந்துவிடும், தரையோடு வைத்தால் மேலே ஏறிப் போய்விடும். பந்து பட்டதும் கால் அதோடு பின்னால் வர வேண்டும். அப்படி வந்தால் பந்தின் வேகம் ஒரே அடியில் முட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதனால்தான் அது எகிறுவதில்லை. இது கைவந்த பிறகு பந்தை அப்படியே நிறுத்தாமல், அடுத்து எந்தப் பக்கம் போகப் போகிறாளோ அந்தப் பக்கம் ஓரடி தள்ளி வாங்கச் சொல்லுங்கள். ஆட்டத்தில் முதல் தொடல் என்று சொல்வது இதைத்தான்.

உருட்டிக்கொடுக்க ஆள் இல்லாத நாளில் சுவர் இருக்கிறது. ஆறடி தள்ளி நின்று உள்பக்கத்தால் தட்டி, திரும்பி வருவதை வாங்க வேண்டும். வலதில் எத்தனையோ இடதிலும் அத்தனை. இடது கால் வராது என்று அடம்பிடிப்பாள், விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வயதில் பழக்கினால் சீக்கிரம் வந்துவிடும், எனக்கு இருபது வயதுக்கு மேல் முயன்றும் பாதிதான் வந்தது. பக்கத்து வீட்டுச் சுவராக இருந்தால் மதியத் தூக்க நேரத்தில் வேண்டாம்.

தலையால் முட்டும் பழக்கம் இப்போது வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 2015லேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது கிடையாது. டிவியில் பார்த்துவிட்டு ஆசைப்படுவார்கள், நாம்தான் தடுக்க வேண்டும்.

நம் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மாடித் தரையில் வெறுங்காலோடு விடாதீர்கள், காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலாற்று மணலில் விடலாமா என்று சிலர் கேட்பார்கள். மணலில் கால் பலப்படும், ஆனால் பந்து உருளாமல் நின்றுவிடும், அதனால் வாங்கப் பழகுவதற்கு அது உதவாது. பாட்டில் சில்லும் கிடக்கும். மொத்தமே தினம் இருபது நிமிடம் போதும். இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சும்போதே நிறுத்திவிட்டால் மறுநாள் அவளே பந்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். தேசிய சீனியர் பெண்கள் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு 2018ல் மணிப்பூரைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியது, 2023ல் மறுபடியும் வாங்கியது. இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் நம் பக்கத்துக் கடலூர்க்காரர், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். எங்கள் அக்கா மாமியாரும் முதலில் முகம் சுளித்தவர்தான். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேத்தியின் தொடல்களை எண்ணுகிறார்.

ஒரு மாதம் கழித்துத் தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். ஒருத்தி நடுவில் நின்று பிடுங்க, மற்ற இருவரும் மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்கட்டும். அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குக் கூட்டிவந்து பெரிய பிள்ளைகளோடு ஆடவிட்டாலும் அவள் பயப்பட மாட்டாள். காற்றடிக்கும் ஊசியை வாங்கும்போது இரண்டாக வாங்கி வையுங்கள், சீக்கிரம் வளைந்துவிடும்.